ஒற்றைச் செருப்புப் பை

எங்கள் தோட்டத்தில் ஆயம்மாவுக்குப் பயப்படாத ஆள் கிடையாது. தொரைக்குப் பயப்படாதவர்கள்கூட அவர் குடையை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றால், சாப்பிட்ட கையைக் கழுவாமல் எழுந்து வந்துவிடுவார்கள். அடித்துவிடுவார் என்பதற்காக இல்லை. வந்த காரியம் முடியாமல் போகமாட்டார் என்பதற்காக.

ருவான்வெல்லைப் பக்கம் ரப்பர் தோட்டம் எங்களுடையது. விடியும்போதே பால் வெட்டப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பிள்ளைக் காம்பராவில் ஏறக்குறைய முப்பத்தைந்து வருடம் ஆயாவாக இருந்தவர் அவர். நான் அவரிடம் வளர்ந்தவன். என் மகள் டிலுக்ஷியும் அவரிடம் வளர்ந்தவள்.

தன்னிடம் வளர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஆயம்மா பட்டம் வைத்திருந்தார். அது சாகும்வரை போகாது. தொழிற்சங்கத் தலைவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வந்தால், "வாடா மூக்கொழுகி" என்பார். கடை முதலாளி "பால்கக்கி". கல்யாணம் முடிந்து கொழும்புக்குப் போய்விட்ட ஒரு பெண் இன்னும் "மண்ணுதின்னி"தான். எனக்கு மட்டும் பட்டம் வைக்கவில்லை. "டேய்" என்பார், அல்லது "தம்பி" என்பார், அவ்வளவுதான். அதை நான் பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைக் காம்பராத் தராசு கெட்டுப்போன கதையைச் சொன்னால் அவரைப் பற்றி உங்களுக்குப் புரியும். தராசு எடையைக் கூட்டிக் காட்டுகிறது என்று அவருக்குச் சந்தேகம். ஆபீஸில் சொன்னார். கிளாக்கர் ஐயா, "பார்ப்போம்" என்றார். மறுநாள் ஆயம்மா அந்தத் தராசைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மேட்டில் ஏறி ஆபீஸுக்குப் போனார். கிளாக்கர் மேசையில் கடதாசிகளை ஒதுக்கிவிட்டுத் தராசை வைத்தார். கடையில் அப்போதுதான் வாங்கிய ஒரு கிலோ சீனிப் பையை அதன் மேல் வைத்தார். முள் ஒன்றேகாலில் போய் நின்றது.

"பாருங்க ஐயா. எங்க புள்ளைங்க இங்க குண்டா இருக்குதுங்க. ஆஸ்பத்திரித் தராசுல ஏத்துனா மெலிஞ்சி போவுதுங்க. நான் எந்தப் புள்ளைக்குக் கஞ்சி ஊத்தட்டும்?"

அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். போனார். அதற்கடுத்த வாரமும் போனார். நாங்களெல்லாம் "விடுங்க ஆயம்மா, தராசுதானே" என்றோம். "இன்னொருக்கா போவோம்" என்றார். அவர் வாயில் அதிகம் வந்த வார்த்தை அதுதான். நாலாவது தடவை புதுத் தராசோடு வந்தார்.

நான் ருவான்வெல்லை பஜாரில் த்ரீவீலர் ஓட்டுகிறேன். அதற்கு முன் ஸ்டோரில் இருந்தேன், பேக்கரியில் இருந்தேன், கொழும்பில் ஒரு துணிக்கடையில் எட்டு நாள் இருந்தேன். சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போகிறேன். என்னோடு பேசுகிறவர்கள் இதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

டிலு இரண்டாம் தரம் படித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. மகளும் நானும்தான் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஒரு காம்பராவில். காலையில் அவளைப் புறப்படச் செய்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். பல் தீட்டப் போனவள் குழாயடியில் எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சட்டையில் ஒரு கையை நுழைத்தவள் மறு கையை மறந்துவிடுவாள். பாடம் எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்குள் எழுந்து வெளியே போய்விடுவாள். கூப்பிட்டால் வருவாள், சிரிப்பாள், உட்காருவாள், மறுபடி எழுந்துவிடுவாள். பென்சில் வாங்கிக் கொடுத்துக் கொடுத்து நான் அலுத்துப்போனேன்.

"அம்மா பக்கத்துல இல்லாத புள்ள, அப்படித்தான் இருக்கும்" என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினோம். கயிற்றையும் தொலைத்துவிட்டாள்.

ஒருநாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அவள் எழுந்து வெளியே போயிருக்கிறாள். பள்ளிக்கூட முற்றத்தில் உடும்பு ஒன்று போயிருக்கிறது, அதன் பின்னால் போனவள் நின்ற இடம் கீழே ஆற்றங்கரை. ஒரு மணி நேரம் தேடி, முழங்கால் தண்ணீரில் நின்றவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எனக்குப் போன் வந்தது. பிரின்சிபல் நல்ல மனிதர்தான், ஆனால் அவரும் பயந்துபோயிருந்தார்.

"இன்னொரு தடவ இப்படி நடந்தா யாரு பொறுப்பு? டொக்டர்கிட்ட காட்டி ஒரு கடிதம் கொண்டாங்க. இல்லாட்டி அடுத்த தவணை வீட்லயே வச்சுக்கோங்க" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவளை அடித்தேன். அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அடித்தும் அவள் பாடம் எழுத உட்காரவில்லை. என் மனைவியின் பழைய சேலையைக் கிழித்து, அவள் இடுப்பைச் சுற்றி வாசல் திண்ணையான இஸ்தோப்பின் கம்பத்தோடு கட்டி, மடியில் கொப்பியை வைத்தேன். "எழுதி முடி, அவிழ்த்து விடுறேன்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஆயம்மா படியேறி வந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, குனிந்து, முடிச்சை அவிழ்த்தார்.

அவிழ்த்த துணியைச் சுருட்டித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: "புள்ளய கிளினிக் கூட்டிட்டுப் போகணும். தோட்டத்துக்கு வாற குடும்பநல மாதுகிட்ட கிளினிக் துண்டுச்சீட்டு வாங்கி வச்சிருக்கேன். செவ்வாக்கிழம."

"அடம் புடிச்ச புள்ளைக்கு என்னாத்துக்கு ஆஸ்பத்திரி ஆயம்மா? சொல் பேச்சு கேக்க மாட்டேங்குறா."

"கேக்காத புள்ளய எனக்குத் தெரியும்டா. ஆயிரம் பார்த்திருக்கேன். இவ கேக்குறா. கேட்டது இவகிட்ட நிக்கல. ரெண்டும் வேற."

செவ்வாய்க்கிழமை போனோம். டிலுவுக்கு இரட்டைப் பின்னல் பின்னி, வெள்ளைச் சட்டை போட்டு, "அசையாம இரு, இல்லாட்டி ஊசி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். தாய் தகப்பனில் ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். ஆயம்மா வெளியே மர வாங்கில் உட்கார்ந்துகொண்டார்.

டொக்டர் சிங்களப் பெண். பொறுமையாகத்தான் கேட்டார். வீட்டில் எப்படி, பள்ளிக்கூடத்தில் எப்படி, தூக்கம் எப்படி, காது கேட்குமா, கண் தெரியுமா. சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கேள்வி புரியாமல் இல்லை. ஆனால் வாயைத் திறந்தால் வந்தது ஒன்றே ஒன்றுதான்: "பிரச்சினை ஒன்றும் இல்லை மிஸ்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் குறை ஏதும் உண்டா என்று கேட்டால் எங்கள் ஆட்கள் சொல்லிப் பழகிய பதில் அது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் நிற்கும்போது, கால் வீங்கி யானைக்கால் போல் இருந்த நாளிலும், என் அப்பா தொரையிடம் "ஒண்ணும் இல்லீங்க" என்றுதான் சொன்னார். குறை சொன்னால் நாம்தான் குறை என்று ஆகிவிடும். அது எங்கள் இரத்தத்தில் ஊறியது. டிலுவும் அன்றைக்கென்று பார்த்துச் சுவரில் வரைந்திருந்த மிருகப் படங்களில் கண்ணை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். புது இடம் அவளுக்கு எப்போதும் பிடிக்கும்.

"ஒருநாள் பார்த்து எதையும் சொல்ல முடியாது. டீச்சரிடம் இதை நிரப்பி வாங்கிக்கொண்டு வாங்க" என்று டொக்டர் ஒரு படிவம் தந்தார். "பள்ளிக்கூடத்திலும் பிரச்சினை இல்லை மிஸ்" என்றேன். பாவி.

வெளியே வந்து ஆயம்மாவிடம், "ஒண்ணும் இல்லையாம்" என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

"அவுங்க சொன்னாங்களா, நீ சொன்னியா?"

அவர் என் கையிலிருந்த படிவத்தைப் பிடுங்கிப் பார்த்தார். "இன்னொருக்கா போவோம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்களுக்கு வேற வேலை இல்லையா? என் புள்ளைக்குப் பைத்தியப் பட்டம் கட்டப் பார்க்குறீங்களா?" என்று வாங்கில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினேன். அவர் முகம் மாறவில்லை. தோட்டத்துக்கு வந்து இறங்கும்போது சொன்னார்: "கட்டுறதுன்னா நீ அன்னைக்குக் கட்டுனியே, அதுதான்டா கட்டு. பட்டம் இல்ல."

மறுநாள் அவரே படிவத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். டீச்சர் என்னிடம் பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். வகுப்பு ஜன்னலுக்கு வெளியே குடையை ஊன்றிக்கொண்டு இடைவேளை வரை நின்றாராம். தாய் இல்லாத ஏக்கமாக இருக்கும் என்று டீச்சரும் சொல்லியிருக்கிறார்.

"அவ அம்மா போயி ஒரு வருசம் டீச்சர். இது மூணு வயசுல இருந்தே எனக்குத் தெரியும். படம் கீறத் தொடங்குவா, முடிக்க மாட்டா. கஞ்சி குடிச்சிட்டே எழும்பிருவா. ஆனா எந்த மரத்துல எந்தக் குருவி கூடு கட்டியிருக்குன்னு கேளுங்க, எல்லாம் சொல்லுவா. மக்குப் புள்ள இல்ல. நீங்க பார்த்தத மட்டும் எழுதுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

டீச்சர் பார்த்ததை எழுதினார். இரண்டு வாரம் கவனித்து எழுதினார்.

இரண்டாவது தடவை கிளினிக்குக்குப் போனபோது ஆயம்மா ஒரு உரப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே போகும்போது நர்ஸ் தடுத்தார். "நான் ஆத்தாவும் இல்ல அப்பனும் இல்ல மிஸ். ஆனா புள்ளயப் பகல்ல வளர்த்தவ நான்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுக் குடையை ஊன்றினார். நர்ஸ் டொக்டரைப் பார்த்தார். டொக்டர் வரச் சொன்னார்.

ஆயம்மா பையை அவிழ்த்து மேசையில் கொட்டினார்.

ஐந்து ஒற்றைச் செருப்பு. எல்லாம் இடது கால். தண்ணீர்ப் போத்தல் மூடிகள், சாப்பாட்டுப் பெட்டியின் ஒரு பாதி, ஒரு குடை, ஒரு காலுறை, எண்ண முடியாத பென்சில். முதல் பக்கத்தில் பாதி மட்டும் எழுதிய கொப்பிகள் நாலு. அந்தக் கயிறுகூட இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதை பிள்ளைக் காம்பராவைத் தாண்டித்தான் போகிறது. டிலு வழியில் போட்டுவிட்டுப் போனதையெல்லாம் இரண்டு தவணையாகப் பொறுக்கி வைத்திருக்கிறார்.

"இத எல்லாம் வேணும்னு ஒரு புள்ள போட்டுட்டுப் போகுமா மிஸ்? ஒவ்வொண்ணுக்கும் அடி வாங்கியிருக்கு. அடிக்குப் பயந்தா ரெண்டாவது செருப்பத் தொலைக்காம இருந்திருக்கணுமே."

டொக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். டீச்சர் எழுதியதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு என்னிடம் மறுபடி அதே கேள்விகளைக் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் ஆயம்மா என் காலை மிதித்தார். நான் சொன்னேன். எறும்பு வரிசை, உடும்பு, ஆறு, அடித்தது, கட்டியது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சுக்குள் லேசாகவும் இருந்தது.

பொருட்களைத் திரும்பப் பையில் போடும்போது டொக்டர் ஒரு சாவியை எடுத்துத் தூக்கிக் காட்டினார். "இதுவும் மகளுடையதா?"

என் வண்டிச் சாவி. போன மாதம் தொலைத்தது.

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, ஆனால் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டார்: "குடும்பத்தில் வேறு யாராவது சின்ன வயதில் இப்படி இருந்தார்களா?"

"இல்லை மிஸ்" என்றேன்.

"இருந்தான்" என்றார் ஆயம்மா. "இவன்தான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. டொக்டரைப் பார்த்து, சிங்களத்தில், தெளிவாகச் சொன்னார். "ரெண்டு வயசுல இருந்து இவன் ஒரு நிமிசம் ஒரு இடத்துல இருந்ததில்ல. ஒருநாள் ரோட்டுக்கு ஓடிட்டான், லொறி வந்திச்சு. அன்னையில இருந்து நான் இவனத் தூணுல கட்டிப் போட்டேன். சேலத் துணியால. முப்பது புள்ள, நான் ஒருத்தி. ரெண்டு வருசம் கட்டுனேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது மிஸ். யாரும் சொல்லித் தரல. இப்ப சொல்லித் தாறதுக்கு ஆள் இருக்கு. அதான் வந்தேன்."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலில் அவரை உட்காரச் சொன்னார். பிறகு எங்கள் மூன்று பேருக்கும் விளக்கினார். இது வளர்ப்பில் வந்த பிழை இல்லை, அடமும் இல்லை. கவனம் ஓரிடத்தில் நிற்காத, உடம்பும் நிற்காத ஒரு நிலை, அதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர். இவளுக்கு அதுதானா என்பதை இன்னும் இரண்டு மூன்று தடவை பார்த்து, காது கண் சோதித்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அதற்காக உதவியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, அதை இன்றைக்கே தொடங்கலாம் என்றார்.

கண்ணும் காதும் சரியாகவே இருந்தன. நாலாவது கிளினிக்கில் டொக்டர் உறுதியாகச் சொன்னார். டீச்சர் அவளை முன் வாங்குக்கு மாற்றி, பாடத்தின் நடுவில் பலகை அழிக்க எழுப்பிவிட்டார். நான் வேலையை ஒவ்வொன்றாகச் சொல்லப் பழகினேன். பேக், போத்தல், செருப்பு என்று படம் வரைந்து கதவில் ஒட்டினோம், டிலுவே வரைந்தாள், முடித்தாள். பிறகு ஒரு கட்டத்தில் காலையில் ஒரு மாத்திரையும் வந்தது. பிரின்சிபல் கேட்ட கடிதத்தை டொக்டர் எழுதித் தந்தார், பிரின்சிபலும் பிறகு அவளை வீட்டில் வைத்துக்கொள்ளும் பேச்சை எடுக்கவில்லை. எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சரியாகாத வாரங்களில் நான் களைத்துப்போய், "இதெல்லாம் எதுக்கு" என்பேன். "இன்னொருக்கா போவோம்" என்பார் ஆயம்மா. பென்ஷன் போன பிறகும் கிளினிக் நாளில் வண்டியடியில் வந்து நின்றார். கடைசியில் பலாங்கொடையில் மகள் வீட்டுக்குப் போய், அங்கேயே கண்ணை மூடினார். டிலு இப்போது ஏழாம் தரம். போன வாரம் பள்ளிக்கூட டையைத் தொலைத்துவிட்டாள். தொலைத்ததை அவளே வந்து சொன்னாள்.

அந்த இரண்டாவது கிளினிக் நாளில் வெளியே வந்த பிறகு நடந்ததை இன்னும் நான் சொல்லவில்லை.

மருந்துச் சாலைக்கு எதிரே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். டிலு எதிரில் ஒரு காலில் குதித்துக்கொண்டிருந்தாள். ஆயம்மா உரப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒனக்கு ஞாபகம் இருக்காடா?"

"இல்ல ஆயம்மா. அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

அவர் என் பக்கம் திரும்பினார். "டொக்டர்கிட்ட சொன்ன மாதிரியே என்கிட்டயும் சொல்றியா?"

"இருக்கு" என்றேன். "நீலச் சேல. தூணுல பச்சைப் பெயின்ட். அத நகத்தால சுரண்டிக்கிட்டே இருப்பேன். கட்டுனது வலிக்கல ஆயம்மா. மத்த புள்ளைங்க வெளிய வெளையாடுற சத்தம் கேக்கும். அதுதான் வலிச்சிச்சு."

அவர் அழவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். "இப்பதான் ஒழுங்கா பதில் சொல்லியிருக்க" என்றார்.

அதற்குள் டிலு குதிப்பதை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்துவிட்டாள். ஆஸ்பத்திரி முற்றத்தைச் சுற்றி, பூச்சாடிகளுக்கு நடுவே, இரட்டைப் பின்னல் பறக்க ஓடினாள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் கேட், கேட்டுக்கு வெளியே பெரிய ரோடு. "ஏய், நில்லு!" என்று நான் எழுந்தேன். ஆயம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஓடட்டும் விடு."

பையை என் மடியில் போட்டுவிட்டு எழுந்தார். மெதுவாக நடந்து போய், திறந்திருந்த கேட்டின் நடுவில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.